யெஃபிமின் விருந்தாளி

புகைக்குடிலின் கதவு புதருக்குள் போய்க் கிடந்தது. வெர்னா அதை இழுத்து நிமிர்த்தினாள். நிமிர்த்தி என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி கீழே போட்டாள். உள்ளே கம்புகளெல்லாம் முறிந்திருந்தன. கோடை முழுவதும் வலைபோட்டுப் பிடித்து, அறுத்து, உப்புநீரில் ஊறவைத்துத் புகைபோடத் தொங்கவிட்ட சால்மன் மீனில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. சாம்பலில் ஒரே ஒரு வால்தோல் கிடந்தது. கரடிக்கு அது மட்டும் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

கரடியின்மேல் அவளுக்கு அவ்வளவு கோபமில்லை. கரடிகள் நிறைந்த கோடியாக் தீவில் பிறந்துவிட்டுக் கரடியைத் திட்டினால் மழையையும் திட்ட வேண்டும். கோபமெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்த கணவனின் அண்ணன் யெஃபிம்மேல்தான். மீன் கழிவின் வாடைக்குக் கரடி வரும், அதைப் படகில் கொண்டுபோய்க் கடலாழத்தில் கொட்ட வேண்டுமென்பது அந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இவரோ தலையையும் குடலையும் பின்வாசல் கற்களில் வீசிவிட்டு, முழங்கால் வலி என்பார். சரி, நானே வந்து எடுத்துப்போகிறேன் என்று வெர்னா தினமும் போனாள். தினமும் அவள் போகுமுன்பே கழிவு வாளியைக் காலிசெய்து கழுவிக் கவிழ்த்திருப்பார். மீன்பிடிக் கப்பலில் இருந்த கணவன் கார்லிடம் போனில் புலம்பியபோது, அண்ணன் மனசை நோகடிக்காதே என்றான். என் மனசு மட்டும் தோல்செருப்பா என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தாள்.

அன்று மாலை ஊர்க்கூட்டம். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, பிள்ளைகள் யெஃபிம் வீட்டு வழியாகத்தான் நடக்க வேண்டும், கரடி இனி வந்தால் சுட்டுவிடுவது என்று முடிவாயிற்று. யார் சுடுவது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் யெஃபிமைப் பார்த்தார்கள். ஊரில் அவருக்கு இணையாகக் குறிபார்ப்பவர் இல்லை. அவர் காபிக் கோப்பையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

மறுநாள் காலை, கேட்க வேண்டியதையெல்லாம் வழியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வெர்னா போனாள். அவர் பின்வாசல் படியில் துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கழிவை நான்தான் போட்டேன். தெரியும்ல" என்றார்.

"ஊருக்கே தெரியும், மச்சான்."

"முதல்ல முழங்கால் வலிதான். அப்புறம் கரடி குட்டியோட வர ஆரம்பிச்சுது. காபி குடிக்கறப்ப எதுத்தாப்ல யாராவது சாப்பிட்டுக்கிட்டிருந்தா நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் மனைவி ஆங்கரேஜ் நகரத்தில் மகளோடு போய்த் தங்கி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அதை நினைத்ததும் ஒத்திகை பார்த்ததில் பாதி வெர்னாவுக்கு மறந்துபோனது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

"சாப்பிட ஆள் வேணும்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல."

"நீ பேசிக்கிட்டே சாப்பிடுவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவர் துப்பாக்கியை அவள் பக்கம் நீட்டினார். "நீயே சுட்டுரு. மீன் போனது உனக்குத்தான்."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "விருந்துக்குக் கூப்பிட்டது நீங்க. போகச் சொல்றதும் நீங்கதான் சொல்லணும்."

அவர் துப்பாக்கியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். ஓடைப் பக்கம் கிளைகள் விலகின. பெரிய கரடி, பழகிய வீட்டுக்கு வரும் உறவுக்காரியைப்போல அவசரமில்லாமல் வந்தது, பின்னால் குட்டி. வெர்னா கையைத் தட்டிக் கத்தினாள். அது அவளை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. யெஃபிமையே பார்த்துக்கொண்டு நெருங்கியது.

அவர் எழுந்தார். துப்பாக்கியைத் தோளில் பதித்துக் குறிபார்த்தார். வெடிச்சத்தம் மலையில் மோதித் திரும்பியது. கரடியின் முன்னங்காலுக்கு ஒரு சாண் தள்ளி மண் சிதறியது. அவர் குறி தவறி வெர்னா பார்த்ததேயில்லை.

கரடி உறுமித் திரும்பிப் புதருக்குள் பாய்ந்தது. அவர் அடுத்த குண்டை ஏற்றினார். "போ" என்றார், கரடிக்குக் கேட்காத குரலில்.

குட்டி மட்டும் போகவில்லை. உயர்ந்த புல்லுக்கு மேலே தலை தெரிய இரண்டு காலில் எழுந்து நின்று, ஈர மூக்கைத் தூக்கி, அவர்கள் நின்ற பக்கமாகக் காற்றை மோந்துகொண்டிருந்தது.