எது குடிக்கிறது?

கணவன் ஆர்செனியோ போன பிறகு அவனுடைய 1954 மாடல் பழைய காரை பெல்கிஸ்தான் ஓட்டினாள். வாரம் மூன்று நாள் தம்பியை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போக வேண்டும். ஆனால் கொஞ்ச நாளாக ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரி.

பக்கத்து வீட்டு அர்ஹேலியோ பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, இடையில் சின்ன பல்பு ஒன்றை வைத்தான். சாவி போடாமலே பல்பு எரிந்தது.

"ஏதோ கரண்டைக் குடிக்குது அக்கா." ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். பல்பு அணையவில்லை. "பேசாம ராத்திரியில வயரைக் கழட்டி வெச்சிடுங்க."

"எது குடிக்குதுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராதுப்பா."

"வீட்டுக்காரர்கிட்டயே கேட்டு வெச்சிருக்கலாம்."

"அவர் எதைத்தான் சொல்லிட்டுப் போனார்? தள்ளி நில்லு."

காலையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி மாட்டியபின் யாரும் வண்டியைக் கிளப்பவில்லை. மின்சாரம் வீணாகும் இடம் சுடத்தானே வேண்டும்? அவள் பானட்டுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சில்லென்றிருந்தன. வேறொரு காரிலிருந்து ஆர்செனியோ கழற்றி மாட்டிய, வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுவென்றிருந்தது.

அர்ஹேலியோ அதன் வயரை உருவினான். பல்பு அணைந்தது.

"திரும்ப வை." எரிந்தது. "எடு." அணைந்தது. "இன்னொரு தடவை."

"விளையாட்டா அக்கா? உள்ள கெட்டுப்போச்சு. நம்ம காமகுவே ஊர்ல வேற கிடைக்க ஒரு மாசமாவது ஆகும்."

"இது இல்லாம ஆஸ்பத்திரி போய் வரலாமா?"

"பகல்ல, லைட் போடாம போகலாம். வந்ததும் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்திடணும்."

பெல்கிஸ் தம்பிக்குப் போன் செய்தாள். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ரெடியா இருடா. வர்றேன்."