குண்டூசிக் கூரை

"பிய்க்காதீங்க! ஊசி குத்திடும்" என்று அவர் போட்ட சத்தத்தில், காருக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்த குஷன் கடைக்காரர் வெடுக்கென்று கையை எடுத்தார்.

கூரைத் துணியில் குத்தியிருந்த குண்டூசிகளை அவரே ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தீப்பெட்டியில் போட்டார். எல்லாம் அவர் மனைவி குத்தியவை. அவள் தையல்காரி. "துணி விஷயத்துல எனக்கே பாடமா?" என்று ஏழு வருஷத்துக்கு முன்னால், திரை தைத்து மிஞ்சிய பூப்போட்ட துணியைப் பசை தடவி ஒட்டினாள். பின்னால் பஞ்சு வைக்காத வெறும் துணி. மறுநாள் வெயிலில் பசை இளகி, ஓடுகிற காரிலேயே இருவர் தலையிலும் விழுந்தது. வீடு வரைக்கும் ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். "அடுத்த மாசம் மாத்திடலாம்" என்றார் அவர். மாதங்கள் போயின, குண்டூசிகள்தான் கூடின.

இன்று காலையில் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். சாயங்காலம் அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். படுத்தால் கண்ணில் படப்போவது கூரைதான். அந்தப் பசைக் கறையைப் பார்த்துக்கொண்டா வருவாள்?

"சாம்பலா, சந்தனமா?" என்று கடைக்காரர் துணிகளை விரித்தார். தன் சட்டைக்குக்கூட அவர் துணி எடுத்ததில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மகளுக்குப் போன் போட்டார்.

"ஏம்பா, இப்ப இதுதான் முக்கியமா?" என்றாலும் அவள் அம்மாவிடம் கேட்டாள். "பின்னாடி பஞ்சு இருக்கான்னு பாக்கச் சொல்றாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டாத்தான் புத்தி வரும்னு சொல்லு. கலர்?"

"உங்களுக்குப் பிடிச்சத எடுக்கச் சொல்றாங்கப்பா. இனிமே நீங்கதான அதுக்குக் கீழ உக்காரப் போறீங்களாம்."

வெகுநேரம் தடவிப் பார்த்துவிட்டுச் சந்தன நிறத்தைத் தொட்டுக் காட்டினார். கடைக்காரர் கத்தரியை எடுத்தபோது மறுபடி போன் அடித்தது.

"அப்பா... அம்மா போயிட்டாங்கப்பா. அவசரப்படாம வாங்க."

கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "வண்டிய விட்டுட்டுப் போங்கண்ணே. வேற வண்டி பிடிச்சுத் தர்றேன். நான் முடிச்சு வைக்கிறேன்."

"வேணாங்க" என்று தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

முதல் திருப்பத்திலேயே ஊசியில்லாத துணி இறங்கி அவர் தலைமேல் உட்கார்ந்தது. ஒரு கையால் தள்ளிவிட்டிருக்கலாம். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.