பொத்தானை அழுத்தினால் நிற்கும் ரயில்

சுவிஸில் வின்டர்தூர் நகரை விட்டு இந்த மலையூர் ஹோட்டலுக்கு வேலைக்கு வந்த நாள் முதல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலில்தான் வருகிறேன். ஏறுவதற்கு ஆளில்லை என்று இப்போது அதை நிறுத்தப் போகிறார்களாம்.

எதிர்ப்புக் கூட்டத்துக்கு ஊரே திரண்டிருந்தது. வாசலில் கார் நிறுத்த இடமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரயிலில் வந்தவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில். என் கை மட்டும்தான் உயர்ந்தது.

"அது வேறு விஷயம், உட்காருங்கள்" என்றார் தலைவர்.

கூட்டம் முடிந்தபோது நல்ல மழை. ஸ்டேஷனை நோக்கி நடந்தேன். ஹோட்டல் சமையற்கட்டில் வேலை செய்யும் தவராஜா அண்ணை காரை நிறுத்தினார்.

"ஏறும் தங்கச்சி, நனையப் போறீர்."

"இல்லை அண்ணை, நான் ரயிலில போறன்."

"நீர் ஒரு ஆள் ஏறியோ ரயில் ஓடப்போகுது?"

மழை வலுத்தது. ஏறிவிட்டேன்.

ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே கேற் மூடியிருந்தது. நடைமேடையில் யாராவது பொத்தானை அழுத்தினால்தான் அங்கே ரயில் நிற்கும். அழுத்த வேண்டியவள் காருக்குள் இருந்தேன். விளக்கெரிந்த வெறும் பெட்டிகள் நிற்காமல் எங்களைக் கடந்து போயின.

"பாத்தீரே" என்றார் அண்ணை, "உள்ளுக்க ஒரு சனமில்லை."