கம்பத்து மணி

அன்று காலை ஆர்லிஸ் ஹூக்ஸ்ட்ராவுக்கு ஒரே ஒரு வேலைதான். சுவிட்ச் பக்கத்தில் நிற்க வேண்டும். குதிருக்குள் இறங்கிய புருஷன் வெர்லின் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் மோட்டாரை நிறுத்த வேண்டும். குழந்தைகூடச் செய்துவிடும். நகராமல் நிற்கத் தெரிந்திருந்தால் போதும்.

குதிர் என்றால் முப்பதடி உயரத் தகரக் குதிர். போன அறுவடையை மழை கெடுத்ததில் மக்காச்சோளம் ஈரத்தோடே உள்ளே போயிற்று. குளிர்காலம் முழுக்கப் புழுங்கி, மார்ச் மாதம் வந்தபோது மேலே ஏடு கட்டியிருந்தது. பால் ஏடு இல்லை, முழங்கால் கனமுள்ள ஏடு. குதிரின் அடியில் மோட்டாரில் சுற்றும் ஒரு திருகு சோளத்தை இழுத்து வெளியே லாரியில் கொட்டும். கட்டி வந்து வாயை அடைத்தால் கொட்டுவது நின்றுபோகும். அப்போது யாராவது இறங்கிக் கம்பியால் குத்திவிட வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது அயோவாவில் சோளம் போடும் ஒவ்வொருவனுக்கும் தெரியும். ஓடவிட்டே இறங்குவதும் அவர்களேதான். இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் புத்தி சொல்லி வாய் வலித்த பெண்கள் ஏராளம்.

"நிறுத்திட்டு இறங்கேன்," என்றாள் ஆர்லிஸ்.

"நிறுத்தினா அடைப்பு விட்டுச்சான்னு எப்படித் தெரியும்? ரெண்டு குத்து. சாப்பாட்டுக்குள்ள லாரி ரொம்பிடும். நீ இங்கயே நில்லு, போதும்."

அவன் ஏணியில் ஏறி, கூரையின் துவாரத்துக்குள் காலை விட்டு மறைந்தான். சற்று நேரத்தில் கம்பத்து மணி அடித்தது.

அது வீட்டுத் தொலைபேசியின் மணி. மாட்டுக் கொட்டகையில் நின்றாலும் காதில் விழ வேண்டும் என்று வெர்லினின் அப்பா அதைக் களத்து விளக்குக் கம்பத்தில் மாட்டி வைத்தார். செத்தவனையும் எழுப்பும் மணி. செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அது அடித்தால் ஜெபச் சங்கிலியாகத்தான் இருக்கும் என்று ஆர்லிஸுக்குத் தெரியும்.

சபையில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் போதகர் வீட்டிலிருந்து முதல் பெண்ணுக்குப் போன் போகும். அவள் இரண்டாமவளைக் கூப்பிடுவாள், இரண்டாமவள் மூன்றாமவளை. இப்படி முப்பத்திரண்டு பெண்கள். ஆர்லிஸ் ஒன்பதாவது. அவள் எடுக்காவிட்டால் பின்னால் இருக்கும் இருபத்துமூன்று பேருக்கும் விஷயம் போகாது. இருபத்துமூன்று ஜெபம் குறைந்துவிடும். கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்து முப்பத்தொரு வருஷம். இதுவரை ஒருநாளும் சங்கிலி அவளிடம் அறுந்ததில்லை. அதில் அவளுக்குப் பக்தி உண்டு. கொஞ்சம் கர்வமும் உண்டு, சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

மோட்டாரை நிறுத்திவிட்டுப் போயிருக்கலாம். நிறுத்தினால் அவன் உள்ளிருந்து கத்துவான். ஒரு நிமிஷம்தானே என்று ஓடினாள்.

போதகரின் மாமியாருக்குக் கண்ணில் புரை, வியாழக்கிழமை அறுவை. அவ்வளவுதான் செய்தி. பத்தாவது ஆளான ட்ரூடியைக் கூப்பிட்டுச் சொன்னாள். ட்ரூடி அதோடு விடுகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபிக்கு யார் கேக் கொண்டுவருவது, போன தடவை கொண்டுவந்தவள் கடையில் வாங்கியதைத் தன் தட்டில் மாற்றி வைத்தாளா இல்லையா என்று ஒரு பாட்டம் பேசினாள். ஆர்லிஸும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிறகு பல நாள் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

அவள் வெளியே வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. லாரியில் சோளம் விழவில்லை. திருகு வெறுமனே சுற்றும் கரகர சத்தம் மட்டும் கேட்டது. தகரத்தில் தட்டும் சத்தம் இல்லை. ஓடிப்போய் சுவிட்சை இறக்கினாள்.

"வெர்லின்?"

உயரம் என்றாலே அவளுக்கு ஆகாது. நான்காவது படிக்கு மேல் அந்த ஏணியில் அவள் ஏறியதே இல்லை. இப்போது கூரைவரை ஏறியது எப்படி என்று அவளுக்கே தெரியாது. துவாரத்தில் தலையை விட்டாள். புழுதியும் புளித்த வாடையும் முகத்தில் அடித்தன. கண் பழகியதும் அவன் தெரிந்தான், மார்புவரை. மீதி சோளத்துக்குள். கைகள் இரண்டும் மேலே இருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. அவனுக்கு எதிரே, அவன் தலைக்கும் மேலே இரண்டு ஆள் உயரத்துக்குச் சோளம் சுவராக நின்றது. புளித்த ஏடு அதைப் பிடித்து வைத்திருந்தது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாருக்கும் சொல்ல முடியாது.

திருகு அவனை உள்ளே இழுத்திருக்கிறது. இன்னும் நாலைந்து விநாடி போயிருந்தால் தலையும் போயிருக்கும். எந்தக் கட்டியை உடைக்க இறங்கினானோ அதில் ஒரு பெரிய துண்டு போய்த் திருகின் வாயை அடைத்ததால்தான் தப்பித்தான்.

"நிறுத்திட்டியா?" என்றான். மூச்சுவிடும்போதெல்லாம் சோளம் இறுக்கியது; வெளியே விட்ட மூச்சின் இடத்தை அது எடுத்துக்கொண்டது.

"நிறுத்திட்டேன். இங்கதான் நின்னேன் வெர்லின். மோட்டார் சத்தத்துல நீ தட்டினது காதுல விழல."

அவன் அதைப் பற்றி விசாரிக்கவே இல்லை. அவளாகச் சொன்னாள். வெர்லின் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் இறங்கி ஓடி, முதலில் தீயணைப்புக்குப் போன் செய்தாள். வைத்ததும் விரல் தானாக ட்ரூடியின் எண்ணைச் சுழற்றியது.

"இப்பத்தான வச்ச, என்ன மறந்துட்ட?" என்றாள் ட்ரூடி.

"இன்னொண்ணு அனுப்பு. வெர்லின் குதிருக்குள்ள மாட்டிக்கிட்டான். மார்பு வரைக்கும்."

"எப்ப?" என்றாள் ட்ரூடி. எப்போது நடந்தது என்று ட்ரூடி கணக்குப் போடுகிறாள் என்பது ஆர்லிஸுக்குப் புரிந்தது. ஆர்லிஸ் அப்போது எங்கே நின்றாள் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் ட்ரூடிதான்.

கால் மணி நேரத்துக்குள் களம் நிறைந்துவிட்டது. தீயணைப்பு வண்டி ஒன்று, பண்ணை லாரிகள் குறைந்தது இருபது இருக்கும். சங்கிலியில் வரும் செய்திக்கு முழங்கால் போட்டு ஜெபிப்பதுதான் வழக்கம். அன்று முழங்கால் போட்டவர்கள் எழுந்து மண்வாரியையும் தகரம் அறுக்கும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ட்ரூடியும் அவள் புருஷனும் சபையின் அடித்தளத்திலிருந்து காபி மேஜைகள் நான்கை மடக்கி லாரியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அகலம் குறைந்த நீள மேஜைகள். மாட்டியவனைச் சுற்றி இறக்கப் பலகை எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோது அவளுக்கு அதுதான் தோன்றியதாம்.

தீயணைப்புத் தலைவர் டெல்மர் மற்ற நாளில் பள்ளிப் பேருந்துகளுக்கு எண்ணெய் மாற்றுகிறவர். கயிறு கட்டி இழுத்தால் என்ன என்று ஒருவன் கேட்டான்.

"இழு. மேல் பாதி வரும்," என்றார் டெல்மர். "சோளம் பிடிச்சா விடாது. அவனைச் சுத்திப் பலகையை இறக்கிப் பெட்டி மாதிரி கட்டணும். பெட்டிக்குள்ள இருக்கற சோளத்தை அள்ளி அள்ளி வெளிய போடணும். அதுக்குள்ள இவங்க வெளியில சுத்திவர ஒரே அளவுல ஓட்டை போட்டு வடிக்கணும். ஒரு பக்கம் மட்டும் வடிஞ்சா குதிரே சாஞ்சிடும்."

அவரே முதலில் இறங்கினார். ஒரு காலை வைத்தார். வைத்த இடத்திலிருந்து சோளம் வழிந்துபோய் வெர்லினின் தோளை மூடியது. அப்படியே காலை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்துக் கூட்டம் அடங்கிப்போனது.

"நான் நூத்திப் பத்து கிலோ. இங்க இருக்கற எவனும் அதுக்குக் குறைச்சல் இல்ல. பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு ஒல்லிப் பையன் வர்றான். அரை மணி ஆகும்."

"நான் நாப்பத்தெட்டு," என்றாள் ஆர்லிஸ்.

"வீட்டு ஆளை இறக்கக் கூடாது. அதுதான் விதி."

"அரை மணி அந்தச் சுவரு நிக்குமா டெல்மர்?"

அவர் கயிற்றை எடுத்து அவள் இடுப்பில் கட்டினார்.

ஏணியடியில் ட்ரூடி அவள் கையைப் பிடித்தாள். கண் சிவந்திருந்தது. "நான்தான் உன்னைப் பிடிச்சு வச்சேன். கேக்கு, கீக்குன்னு..."

"யார்கிட்டயும் சொல்லிடாத," என்றாள் ஆர்லிஸ். புருஷன் உயிருக்கு மன்றாட வேண்டிய வாய் இதையா சொல்லிற்று என்று ஏணியில் ஏறும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் அவளைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மேலிருந்து மேஜைப் பலகையை இறக்க, அவள் அதைப் பிடித்து, ஆட்டி ஆட்டி, அவனை ஒட்டிச் சோளத்துக்குள் செருக வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் எங்கிருந்தோ நாலு சோள மணி உருண்டு விழும் சத்தம் கேட்டது. அந்தச் சுவர் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று டெல்மர் சொல்லியிருந்தார். பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. அவள் பயந்தாள்.

"பேசு," என்றான் வெர்லின். "எதாவது பேசு."

ஜெபித்தாள். ஜெபிக்கப் பார்த்தாள் என்பதுதான் சரி. யார் யாருக்கோ முப்பத்தொரு வருஷம் ஜெபித்த பெண்ணுக்குச் சொந்தப் புருஷனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வந்தது தினமும் மூன்று வேளை சொல்லும் சாப்பாட்டு ஜெபம்.

"கர்த்தாவே, நீர் எங்களுக்குத் தந்த ஆகாரத்துக்காக நன்றி செலுத்துகிறோம்..."

கழுத்துவரை சோளத்தில் நின்றவன் கண்ணைத் திறந்தான்.

"போதும்னு சொல்லு," என்றான். "நிறையவே தந்துட்டாரு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்றாவது பலகை இறங்கியது. அதைச் செருகிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் இங்க நிக்கல வெர்லின். மணி அடிச்சுது. உள்ள போயிட்டேன். ட்ரூடிகிட்ட பேசிக்கிட்டு நின்னுட்டேன். நீ தட்டினப்ப நான் கேக்கைப் பத்திப் பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தேன்."

அவன் மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மணி எனக்கும் கேட்டுது. அப்ப நான் உள் ஏணியிலதான் நின்னேன்."

"ஏணியிலயா?"

"கால் வைக்கல இன்னும். நீ ஓடிருவன்னு தெரியும். உன்னைத் தெரியாதா எனக்கு?" மறுபடி மூச்சு. "மூணு நிமிஷம் அங்கயே நின்னிருக்கலாம். சுவிட்சுல ஆள் இல்லன்னு தெரிஞ்சேதான் இறங்கினேன்."

அவள் அவனைப் பார்த்தாள். இந்த மனிதனை அறைய வேண்டும் போலவும் அந்தப் புழுதி முகத்தை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் அப்போது முடியாது. நான்காவது பலகை இறங்கிக்கொண்டிருந்தது.

அதை அவள் முழங்கையால் அழுத்தி முடித்தபோது பின்னாலிருந்து பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் வந்தது. சுவர் சரிந்தது. மேலே இருந்தவர்கள் கயிற்றைச் சுண்டி இழுத்ததில் அவள் பாதி அந்தரத்தில் தொங்கினாள். இடுப்புவரை சோளம் வந்து மோதியது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள், தொண்டையில் புழுதி ஏறி இருமிக்கொண்டே கத்தினாள்.

"இருக்கேன்," என்றது பெட்டிக்குள்ளிருந்து குரல்.

காபி மேஜைகள் தாங்கிவிட்டன. வெளியே சோளம் விளிம்புவரை ஏறி நின்றது. உள்ளே அவன் இருந்தான், அதே கழுத்தளவில்.

அதன்பிறகு பயந்து பயந்து செய்த வேலை. காபித்தூள் டப்பா ஒன்றை மேலிருந்து போட்டார்கள். அவள் பெட்டிக்குள் கவிழ்ந்து டப்பா டப்பாவாக அள்ளி வெளியே கொட்டினாள். நகம் பிய்ந்தது. வெளியே ரம்பங்கள் அலறின. சபை ஆண்கள் வடியும் சோளத்தை வாரித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், பெண்களும் வாரினார்கள். ஒல்லிப் பையன் வந்து அவளுக்குக் கை மாற்றியும் அவள் மேலே வர மறுத்துவிட்டாள். இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. பூட்ஸ் இரண்டும் சோளத்துக்குள்ளேயே தங்கிவிட, வெர்லின் வெறும் காலுறையோடு வெளியே வந்தான். விலா எலும்பில் இரண்டு விரிசல். வேறொன்றுமில்லை.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது குதிரில் இருந்ததைக் காலி செய்தார்கள். அதிலும் அதே ஈரச் சோளம், அதே ஏடு. வைத்திருந்தால் முழுக்கப் பாழாகும். வெர்லின் வெளி ஏணியிலேயே நின்று, துவாரத்தின் வழியாக நீளக் கழியை விட்டுக் குத்தினான். இனிமேல் உள்ளே இறங்குவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவள் அந்த வாக்கைக் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு அவன் புது பூட்ஸையே பார்த்தபடி நின்றாள்.

கம்பத்து மணி அடித்தது.

"மணி அடிக்குது," என்றான் அவன், மேலிருந்து.

"கேக்குது."

"சங்கிலியா இருக்கும்."

"இருக்கட்டும்."

மணி நின்றது. மறுபடி அடிக்க ஆரம்பித்தது. யாருக்கு என்னவோ. பின்னால் இருபத்துமூன்று பெண்கள் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் கால் வீட்டுப் பக்கம் ஒரு அடி திரும்பியது. அதைத் திரும்ப இந்தப் பக்கம் வைத்தாள். உள்ளங்கை வியர்த்துச் சுவிட்ச் வழுக்கியது. மணி பதினேழு முறை அடித்ததை எண்ணினாள்.

மேலே அவன் கழியை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மணி ஓயும்வரை அசையாமல் நின்றான்.

ஆர்லிஸ் நின்ற இடத்திலேயே கண்ணை மூடாமல் ஜெபித்தாள், யாரென்று தெரியாத அந்த யாருக்காகவோ. இந்தத் தடவையும் வாயில் வந்தது சாப்பாட்டு ஜெபம்தான். அதையே முழுக்கச் சொல்லி முடித்தாள்.