அச்சாகாத பாதி

மருந்துக் கிடங்கின் குளிர்பெட்டிக்கு அவன்தான் புரோகிராம் எழுதினான். மின்சாரம் எத்தனை மைக்ரோ விநாடி நின்றது என்பதை அது அச்சிடும். அங்கே காவலாளி அவனுடைய அக்கா புருஷன். ஒரு நாள் மருந்தெல்லாம் கெட்டுப்போயிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். அச்சிட்ட எண்ணோ ஆறு நிமிடம் என்றது. ஆறு நிமிடத்தில் மருந்து கெடாது, பெட்டியைத் திறந்துபோட்டுத்தான் கெடுத்தார் என்று அவரை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

"மெஷின் பொய் சொல்லாது மாமா" என்று அன்று அவனும் சொன்னான்.

இன்றுதான் பிழை கண்ணில் பட்டது. அறுபத்துநான்கு பிட் எண்ணை அச்சிட, `long` வகை எண்ணுக்கான `%ld` என்ற குறியை எழுதியிருந்தான். அவன் கம்ப்யூட்டரில் `long` அறுபத்துநான்கு பிட், குளிர்பெட்டியிலோ முப்பத்திரண்டுதான். எண்ணின் மேல்பாதி அச்சாகவே இல்லை. எங்கும் அறுபத்துநான்கு பிட்டையும் அச்சிடும் `PRId64` என்று மாற்றி, பதிவாகியிருந்த அதே எண்ணை மறுபடி அச்சிட்டான். எழுபத்தெட்டு நிமிடம்.

தாளை மாமாவிடம் காட்டினான்.

"நான் சொன்னது நிஜம்தானே மாப்ளே? இதை ஆபீஸ்ல காட்டுவியா?"

"காட்டினா என் வேலை போயிடும் மாமா."

அவர் தாளை அவனிடமே நீட்டினார்.

"ஆமா. மெஷின்தான் பொய் சொல்லாதுல்ல."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.