மண்ணில் தங்கியவை

"புடுங்குனியா, தோண்டுனியா?"

வேர் சார் அவளிடம் கேட்டது அந்த ஒரு கேள்விதான். வாசலில் ஆபீஸ் வண்டி இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. அப்பா யூரியா மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா கதவில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். மூன்று பேரும் தன் வாயையே பார்த்தபோது, ஒன்பதாம் வகுப்பில் எழுப்பிவிட்டால் வருமே, அதே பாழாய்ப்போன கூச்சம் பத்தொன்பது வயதிலும் வந்தது.

"தோண்டித்தான் சார்" என்றாள்.

அவர் அவளுடைய வேர்முடிச்சுக் கணக்கு நோட்டை இன்னொரு தடவை பார்த்தார். வயலில் பொடி கலந்த விதை போட்ட பாதியில் ஐந்து செடிகள்: இரண்டு, ஒன்று, மூன்று, சைபர், இரண்டு. கலக்காத பாதியிலும் கிட்டத்தட்ட அதுவேதான். பக்கத்தைப் புரட்டினார், திரும்பப் புரட்டினார். அவள் கணக்கை அவர் இதுவரை சந்தேகித்ததே இல்லை. பேனாவை எடுத்துத் தன் தாளில் எழுதிக்கொண்டு வண்டியில் ஏறினார். அன்று பொழுது சாய்வதற்குள் அப்பா இரண்டு பாதிக்கும் யூரியாவை வீசித் தண்ணீரும் பாய்ச்சிவிட்டார். அத்தோடு எது எந்தப் பாதி என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போயிற்று.

விதைப்பு நாளில் விவசாய ஆபீஸிலிருந்து அந்த மனிதர் கறுப்புப் பொடியும் சர்க்கரைத் தண்ணீருமாக வந்து இறங்கியபோது ஊரே வேடிக்கை பார்த்தது. பொடிக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, பயற்று வேரில் குடியேறி முடிச்சு முடிச்சாக வீடு கட்டும், காற்றில் சும்மா கிடக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும் என்றார். பொடி பூசிய விதையைக் கொட்டகை நிழலிலேயே உலர்த்தினார். வெயில் பட்டால் செத்துவிடுமாம். "விதைக்கு மை பூசி நிழல்ல உக்கார வெச்சிருக்காரு. பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் சித்தப்பா. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "முப்பத்தஞ்சு நாள் பொறுக்கிறேன் சார். அதுக்கு மேல என் பயிரைப் பட்டினி போட மாட்டேன்" என்றார். மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் எந்நேரமும் செடியைத் தூக்கி அடியைப் பார்க்கிறவருக்கு வேர் சார் என்ற பெயரும் அன்றைக்கே விழுந்தது.

நோட்டையும் களைக்கொத்தையும் அவளிடம் கொடுத்தார். "சுத்தி வட்டமா தோண்டி, மண்ணோட எடுத்து, வாளித் தண்ணியில அலசணும்மா. முடிச்சை எண்ணி எழுது. ஒண்ணைக் கிள்ளிப் பாரு. உள்ள ரோஸா இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஒருநாளும் புடுங்காத. புடுங்கினா முடிச்செல்லாம் மண்ணுலயே தங்கிடும்." பிறகு போகிற போக்கில் சொன்னார்: "இந்த வயல் சரியா வந்தா அடுத்த வருஷம் இருபது வயல் குடுப்பாங்க. லேப்ல உக்காந்து எண்ணுறதுக்கு ஆள் வேணும். எட்டாவது படிச்சிருந்தாப் போதும்."

எட்டாவது படிச்சிருந்தாப் போதும். அம்மா இடுப்பு உடைந்து படுத்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டவள், அந்த மூன்று வார்த்தையை அடுப்படியிலும் கிணற்றடியிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நோட்டின் முன்பக்கம் முடிச்சுக் கணக்கு. கடைசிப் பக்கத்தில், பென்சிலில், அவர் வந்துபோன தேதிகள். நீலச் சட்டை. நீலச் சட்டை. இன்று கோடு போட்டது. எதற்காக எழுதுகிறாள் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் எழுதினாள்.

முப்பத்தைந்தாம் நாள் அவருக்கு வேறு ஊரில் கூட்டம். அவளே எண்ணி வைக்க வேண்டும், அவர் மறுநாள் வந்து எடுத்துக்கொள்வார். மண் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. முதல் செடியைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தபோது களை எடுக்கிற பெண்களுக்குக் கேட்கிற மாதிரி சித்தப்பா வரப்பிலிருந்து கத்தினார்: "என்ன டீச்சரம்மா, வேருக்குப் பேன் பாக்குறியா? சாரு வந்து கை குடுத்தாத்தான் எந்திரிப்பியோ?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காதுமடல் சுட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தை யாரோ சத்தம்போட்டுப் படித்துவிட்டது போலிருந்தது. எழுந்தாள். மடமடவென்று பத்துச் செடிகளையும் கையால் பிடித்து இழுத்தாள். முடிச்சு இருந்தால் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு வராமலா போகும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

யூரியா போட்ட மறுநாள் விடிந்ததும், தண்ணீரில் ஊறி இளகியிருந்த மண்ணில், பொடி கலந்த பாதியில் ஒரு செடியைத் தோண்டினாள். அலசினாள். வேர் முழுக்க, விரல் வைக்க இடமில்லாமல், கடுகும் மிளகுமாய் முடிச்சுகள். நாற்பத்து மூன்று. ஒன்றைக் கிள்ளினாள். ரோஸ். அடுத்த செடி ஐம்பது. வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வேர் சார் ஆபீஸ் வண்டி இல்லாமல் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். இரண்டு பாதியிலும் நட்டிருந்த பலகைகளைப் பிடுங்கிக் கட்டினார். பொடியால் பலனில்லை என்று ஆபீஸில் முடிவு கட்டி அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம், அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனதும், அப்போதுதான் தோண்டி அலசிய செடியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். இன்னொரு கையில் நோட்டு.

"சார்… அன்னிக்கு நான் புடுங்கிட்டேன்."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வேரை விரலால் விரித்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டு ஒரு முடிச்சைப் பிய்த்துக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினார். நகம் ரோஸாகக் கசிந்தது. முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். திட்டினால் தேவலை என்று நின்றாள். நீட்டிய நோட்டை அவர் வாங்கவில்லை.

எழுந்து போய் வண்டியை உதைத்தார். பின்னால் கட்டிய பலகைகள் தடதடத்தன. வாய்க்கால் திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு விரல்களால் மட்டும் கைப்பிடியைப் பிடித்திருந்தார். ரோஸ் கசிந்த கட்டைவிரல், எதிலும் படாமல், தனியாகத் தூக்கியே இருந்தது.