கவிழ்ந்த மூடி

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தப் பயிற்சிக் கூடத்தில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கடைத்தெரு விரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மடித்துப் பெட்டிக்குள் போய்விடும். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் விரிக்கிற பெரிய விளையாட்டு அட்டை அது. சுற்றிலும் நாற்பது கட்டங்கள். பகடையை உருட்டி, காலியான கட்டத்தில் நின்றால் கடை வைக்கலாம். அடுத்தவர் கடை இருக்கும் கட்டத்தில் நின்றால் வாடகை கட்ட வேண்டும். கையில் இருக்கிற காகிதப் பணம் தீர்ந்தால் ஆள் காலி. கடைசிவரை நிற்பவர் முதலாளி. வேலை தேடி அலையும் பிள்ளைகளுக்குத் தொழில் செய்யும் புத்தி வரட்டும் என்று ஒரு அறக்கட்டளை நடத்திய வகுப்பு.

ஆட்டக் காய்கள் முதல் வருடமே தொலைந்துவிட்டதால் சோடா மூடிகளுக்கு வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள். பணம் தீர்ந்தவருடைய மூடியைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். அந்த வேலையும், காகிதப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் வேலையும் பேங்க் அக்காவுடையது. நாற்பத்தாறு வயது. ஒரு காலத்தில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள். எதிரே பெரிய கடை வந்ததும் இவள் கடைக்குப் பூட்டு விழுந்தது. அந்தக் கோபத்தை யார் மேலும் காட்டத் தெரியாமல், கடவுளிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் தானே சமாதானமாகிப் போனவள். பெட்டியைத் திறக்கும் முன் இப்போதும் அவள் உதடு லேசாக அசையும். பிள்ளைகள், "அக்கா, பகடைக்கு மந்திரம் போடுறீங்களா?" என்று கேலி செய்வார்கள்.

விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி இருந்தது. ஒருவர் மூடி கவிழ்ந்தால், இன்னொருவர் தன் கடைகளில் ஒன்றை அவருக்குக் கொடுத்து மூடியை நிமிர்த்தலாம். கொடுத்தவருக்கு ஒரு லாபமும் கிடையாது. அதற்குக் 'கை கொடுத்தல்' என்று பெயர்.

வகுப்பு நடத்தும் கோட்டு சார் (வேர்த்து ஊற்றும் வெயிலிலும் அவர் கோட்டைக் கழற்றிப் பார்த்தவர் இல்லை) அந்தப் பக்கத்தைத் திருப்பவே மாட்டார். பேங்க் அக்காதான் ஒவ்வொரு முறையும் விடாமல் வாசித்துக் காட்டுவாள். இந்த விளையாட்டைச் செய்த புண்ணியவான் தன் மனசை அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறான் என்பது அவள் நம்பிக்கை. மூன்று மாதத்துக்கு ஒரு வகுப்பு என்று பதினோரு வகுப்புகள் முடிந்துவிட்டன. ஒருத்தர்கூட அந்த விதியைத் தொட்டதில்லை. அவளும் ஒவ்வொரு சனிக்கிழமையும் காத்திருந்தாள்.

பன்னிரண்டாவது வகுப்பில் நிஜமாகவே ஒரு கடை பரிசாக வந்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில், கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு தகரப் பெட்டிக்கடை. அறக்கட்டளை பேசி வாங்கியது. இறுதி ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு ஒரு வருடம் வாடகையே இல்லை.

அந்த வகுப்பில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். ஒருத்தி ஊசி. தையல்காரி, சட்டைக் காலரில் எந்நேரமும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். அண்ணன் வீட்டில் இருந்தாள். வீட்டில் இருப்பது ஒரே அறை. மிஷின் சத்தத்துக்குக் குழந்தை எழுந்துகொள்கிறது என்று அண்ணி சொல்லிச் சொல்லி, நாளில் இரண்டு மணி நேரம்கூட அவளால் தைக்க முடியவில்லை. இன்னொருவன் டார்ச். செல்போன் ரிப்பேர் செய்பவன். பல்லில் சின்ன டார்ச்சைக் கடித்துக்கொண்டே பேசுவான். யாரோ ஒருவர் கடையில் மேசையின் ஒரு மூலை அவனுக்கு. அந்த மூலையும் எந்த நாளும் பறிபோகலாம்.

"யார் ஜெயிச்சாலும் பாதி பாதி. முன்னால பலகையில நான், பின்னால நீ உன் மிஷினோட. நர்சம்மா யூனிபார்மைப் பிரிச்சுத் தைக்கக் குடுத்துட்டு, அப்படியே போனையும் குடுத்துட்டுப் போவாங்க" என்றான் டார்ச், சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள்.

"போனைக் குடுக்கறவங்க திருப்பி வாங்கவும் வருவாங்கல்ல? உன்கிட்ட குடுத்தது திரும்பி வர்றது கஷ்டம்டா."

"அக்கா, பாருங்க, கூட்டாளின்னு கூடப் பார்க்காம மானத்தை வாங்குறா."

பேங்க் அக்கா சிரித்தாள். வீட்டுக்குப் போய் அன்றைக்கு இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வேண்டிக்கொண்டாள்.

இறுதி ஆட்டத்துக்கு நான்கு பேர் தேறினார்கள். மதியத்துக்குள் இரண்டு பேர் காலி. மிஞ்சியவர்கள் ஊசியும் டார்ச்சும். மூன்று மணி இருக்கும். டார்ச் வரிசையாக ஊசியின் கடைகளிலேயே போய் நின்றான். மூன்றாவது வாடகையைக் கட்டக் கையில் காகிதம் இல்லை. பேங்க் அக்கா அவனுடைய நீல மூடியைக் கவிழ்த்தாள். அவன் வாயிலிருந்த டார்ச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கட்டங்களையே பார்த்தான்.

ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். கோட்டு சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஊசி மட்டும் விதிப் புத்தகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

வங்கி நடத்துகிறவள் யார் பக்கமும் சாயக் கூடாது. அது அக்காவுக்கும் தெரியும். ஆனால் பதினோரு வகுப்பாகக் காத்திருந்தவள். அவளையும் அறியாமல் தலையை ஒரு சிறு அசைவு அசைத்து, கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான்.

"நான் கை கொடுக்கறேன்" என்றாள் ஊசி. "என் மூலைக் கடையை அவனுக்குத் தர்றேன்."

மூலைக் கடைதான் அட்டையிலேயே அதிக வாடகை வருகிற கடை. கொடுப்பதைச் சொத்தையாகக் கொடுக்க அவளுக்கு வரவில்லை. அக்கா நீல மூடியை நிமிர்த்தி வைத்தாள். கடவுளே, இதைப் பார்க்க என்னை உட்கார வைத்தாயே என்று மனசுக்குள் நன்றி சொன்னாள்.

அதற்குப் பிறகு பகடை புரண்டது. டார்ச் கடை மேல் கடையாக வைத்தான். ஒரு மணி நேரத்தில் அவனுக்கு ஏழு கடை. ஊசியின் கை வற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் அவள் உருட்டியதில் ஐந்து விழுந்தது. எண்ணிக்கொண்டே மூடியை நகர்த்தியவள், நான்கிலேயே ஒரு கணம் நின்றாள். ஐந்தாவது கட்டம் மூலைக் கடை. அவள் கொடுத்த கடை.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். வாடகையைச் சொல்ல வேண்டியவள் அவள்.

"கட்டணும்மா" என்றாள் பேங்க் அக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கட்ட ஊசியிடம் இல்லை. சிவப்பு மூடி கவிழ்ந்தது. டார்ச்சிடம் ஏழு கடைகள். ஒன்றைக் கொடுத்தாலும் ஆறு மிஞ்சும். அக்கா விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவன் பக்கமாக மெல்ல நகர்த்தினாள். அவன் அதைப் பார்த்தான். பார்க்காதது போல் பகடையை எடுத்து டம்ளருக்குள் போட்டான்.

"முடிஞ்சுதுல்ல சார்?" என்றான்.

கோட்டு சார் அதற்குள் கைதட்ட ஆரம்பித்திருந்தார். "கவனிச்சீங்களா எல்லாரும்? வாய்ப்பு வந்தப்போ பிடிச்சுக்கிட்டான். திரும்ப யார்கிட்டயும் விடல. இதைத்தான் நான் மூணு மாசமா தொண்டை கிழியச் சொல்லிட்டு இருக்கேன்."

கூட்டம் கலைந்த பிறகு அக்கா அவர் மேசைக்குப் போனாள்.

"சார், அந்தப் பொண்ணு கொடுத்த கடையாலதான் அவன் ஜெயிச்சான். ரெண்டு பேருக்கும் பாதி பாதின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"மேடம், நாம சொல்லிக் குடுக்கறது தொழில். அன்னதானம் இல்ல. அந்தப் பொண்ணு இன்னைக்கு ஒரு பாடம் கத்துக்கிச்சு. நீங்க குறுக்க போய் அதைக் கெடுத்துடாதீங்க."

வெளியே படிக்கட்டில் ஊசி காத்துக்கொண்டிருந்தாள். டார்ச் இறங்கி வந்தான், பரிசுக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி.

"பின்பக்கம் மிஷின் வைக்க இடம் அளந்துக்கலாமாடா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எங்க மாமா போன் கவர் சரக்கு இறக்கறேன்னு சொல்லிட்டாரு. பின்பக்கம் பூரா அதுதான் அடுக்கணும்." அவன் படியைப் பார்த்துப் பேசினான். "ஆரம்பத்துல கூட்டு வச்சுக்காதன்னு சாரும் சொல்லியிருக்காரு. தப்பா எடுத்துக்காத."

அவள் தப்பாக எடுத்துக்கொண்டாளா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரிடா" என்றாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் பேங்க் அக்கா ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாள். அதற்கு முன் போகக் கால் வரவில்லை. தான் தலையாட்டியதை நினைக்கும்போதெல்லாம், பிரார்த்தனைக்குக் கூப்பிய கை பாதியில் நின்றது. ஒரு மன்னிப்பாவது கேட்டுவிடலாம் என்று புறப்பட்டாள்.

மதியம். பெட்டிக்கடையின் முன்பலகையைத் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தியிருந்தது. அந்தப் பலகையின் நிழலில், தரையில், ஒரு பழப் பெட்டியின் மேல் கைமிஷினை வைத்து ஊசி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நர்சின் வெள்ளை யூனிபார்ம். அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. என்ன இருந்தாலும் பையன் நல்லவன்தான், நிழலாவது கொடுத்திருக்கிறானே என்று நினைத்தாள்.

"வாங்கக்கா. நல்ல நேரத்துல வந்தீங்க" என்றான் டார்ச் உள்ளேயிருந்து. "நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. இவ நாலு நாளா என் பலகைக்குக் கீழ உட்கார்ந்து தைக்கிறா. இவகிட்ட வர்ற கூட்டம் என் கடையை மறைக்குது. அதனால ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு வாடகை குடுத்துடுன்னேன். கேட்டா, நிழலுக்குமாடான்னு கேக்குறா."

"நிழலுக்குமாடா?" என்றாள் அக்காவும்.

"அடுத்தவன் கட்டத்துல வந்து நின்னா கட்டணும். மூணு மாசம் உங்க வாயாலதானே கேட்டேன்? அன்னைக்குக் கடைசியா இவகிட்டயே சொன்னீங்களே, கட்டணும்மான்னு."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நியாயம் கேட்கும் பிள்ளையைப் போலத்தான் கேட்டான். அதுதான் அக்காவைச் சுட்டது.

"அது காகிதம்ப்பா."

"காகிதத்துல ஒண்ணு, தகரத்துல ஒண்ணாக்கா? அப்புறம் எதுக்கு எங்களை விளையாட வச்சீங்க?"

ஊசி யாரையும் பார்க்காமல் யூனிபார்மை மடித்தாள். கைமிஷினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பழப் பெட்டியை அக்கா எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெயிலில் இறங்கி, எங்கே போவது என்று தெரியாமல் நான்கு அடி நடந்தார்கள்.

ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு ஆள் மட்டும் உட்காரும் அளவுக்குத் தகரக் கூண்டு ஒன்று. உள்ளே ஒரு ஸ்டூல். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தார்.

"உள்ள வச்சுத் தை பாப்பா. பெரிய டாக்டர் வண்டி வந்தா மட்டும் எழுந்துக்க. மத்த யாரும் இங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. பத்து வருஷமா என்னையே யாரும் பார்த்ததில்ல."

ஊசி உள்ளே போய், பழப் பெட்டி மேல் மிஷினை வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்தாள். அக்கா வாசலில் குந்தி, துணியின் மறுமுனையை மண்ணில் படாமல் பிடித்துக்கொண்டாள். மிஷின் கடகடத்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அக்கா சொன்னாள்.

"அன்னைக்கு நான் கண்ணைக் காட்டியிருக்கக் கூடாதும்மா. வங்கியில உட்கார்ந்தவ செய்யற காரியம் இல்ல அது. உன் கடை என்னாலதான் போச்சு."

ஊசி கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. "நீங்க கண்ணைக் காட்டலைன்னாலும் குடுத்திருப்பேன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும், இல்லக்கா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுத்திருக்க மாட்டேன்கா. புக்குல இருக்கேன்னுதான் பார்த்தேன். மூடிட்டு எழுந்துக்கலாம்னுதான் இருந்தேன். உங்க முகத்தைப் பார்த்ததும், குடுத்தா ஏதோ நல்லது நடக்கும்னு தோணிச்சு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்க மேல கோபம் இல்ல. பொய் சொல்ல முடியல, அவ்வளவுதான்."

அக்கா துணியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். கை தளர்ந்தால் வெள்ளைத் துணி மண்ணில் பட்டுவிடும்.

ஒரு மணி நேரத்தில் வெயில் திரும்பியது. டார்ச் கடையின் முன்னால் இருந்த நிழல் சுவரோடு ஒண்டிக்கொண்டது. அவன் பலகைக்குக் கீழே தலையை நீட்டி, "ஏய் ஊசி, இப்போ இங்க நிழலே இல்ல. சும்மாவே வந்து உட்காரலாம்" என்று கத்தினான். சமாதானமா, கேலியா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஊசி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் அக்கா திரும்பிப் பார்த்தாள். வாட்ச்மேன் கேட்டுக் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். தொப்பிக்குக் கீழே வேர்வை வழிந்தது. கால் மாற்றிக் காலில் பாரத்தைப் போட்டபடி, போகிற வண்டிக்கெல்லாம் சலாம் வைத்துக்கொண்டிருந்தார். கொடுத்த இடத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இவருக்கு யார் கண்ணைக் காட்டினார்கள் என்று அக்கா நினைத்தாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"இந்த ஓரம் முடிஞ்சதும் ஸ்டூலை அவர்கிட்ட குடுத்துடும்மா. பழப் பெட்டி மேல உட்கார்ந்துக்க. மிஷினை நான் மடியில வச்சுப் பிடிச்சுக்கறேன்."

"கனம்கா அது."

"தெரியும்" என்றாள் பேங்க் அக்கா.